செய்யாற்று மணலில் இறங்கிய காலை

எஞ்சின் நின்றதும் முதலில் என் காதில் விழுந்தது ஒரு குக்கர் விசில்.

கீழே, மாகறல் ஊரை எட்டுவதற்குச் சற்று முன்னால், யாரோ ஒரு வீட்டில் காலைச் சமையல் நடந்துகொண்டிருந்தது. அடுத்து ஒரு நாய் குரைத்தது. அதற்கடுத்து ஒரு பெண் குரல், "ஏய், இஸ்கூலுக்கு டைம் ஆவுல?" என்று யாரையோ அதட்டியது. அதுவரை என் முதுகில் இரைந்துகொண்டிருந்த எஞ்சின் இவர்கள் எல்லோரையும் மறைத்து வைத்திருந்தது. இப்போது ஊரே என் காதுக்குள் வந்துவிட்டது.

நான் செய்யாற்றுக்கு மேலே தொங்கிக்கொண்டிருந்தேன். பனை மரங்கள் தீக்குச்சிகளாகத் தெரிகிற உயரம். முதுகில் ஒரு பெட்ரோல் எஞ்சின். அதன் பின்னால் கூண்டுக்குள் அசையாமல் நிற்கும் விசிறி. தலைக்கு மேலே மஞ்சளும் நீலமுமாகத் துணியால் தைத்த இறக்கை. பாராமோட்டார் என்பது இவ்வளவுதான். உட்காருவதற்குப் பேருக்கு ஒரு பட்டை. கதவு கிடையாது, தளம் கிடையாது, கால் இரண்டும் காற்றில்.

ஸ்டார்ட்டர் பொத்தானை அழுத்தினேன். கர்ர் என்றது. மறுபடி அழுத்தினேன். கர்ர். அடுத்த முறையும் அதே கர்ர்தான்.

ஹெல்மெட்டுக்குள் இருந்த வாக்கி டாக்கி அலறியது. என் வீட்டுக்காரர் மோசே. கீழே ரோட்டில் பைக்கில் என்னைத் தொடர்ந்து வந்துகொண்டிருந்தார்.

"ஸ்டெல்லா! சத்தம் நின்னு பூட்ச்சு! இன்னா ஆச்சு?"

"எஞ்சின் ஆஃப் ஆயிட்ச்சுய்யா."

"ஆன் பண்ணு!"

"பண்ணிக்கினுதான் கீறேன்!"

"அப்ப ஏன் ஆன் ஆவல?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வயிற்றுக்குள் யாரோ கிச்சுகிச்சு மூட்டுவதைப்போல ஒரு சிரிப்பு. வாக்கி டாக்கியில் நான் சிரிப்பதைக் கேட்ட அந்த மனிதர், எனக்குப் புத்தி பிசகிவிட்டது என்றே முடிவு செய்தாராம். பிறகு சொன்னார்.

விற்காத மனைகள்

கம்பெனி வேலை போனதையும், உத்திரமேரூரில் ரோட்டோரம் சின்னதாக ஒரு டிபன் கடை போட்டதையும் இந்தத் தொடரில் ஏற்கெனவே சொல்லியிருக்கிறேன். அந்தக் கடைக்கு ஒரு நாள் காலை ஒல்லியாக ஒரு பையன் வந்தான். இருபத்தைந்து, இருபத்தாறு வயது இருக்கும். இட்லி தின்றான், இன்னும் கேட்டான், மறுபடியும் கேட்டான். கை கழுவிவிட்டு வந்து, "ஏனுங்க்கா, தெனமும் ஒரு பத்துப் பேருக்கு நாஷ்டா, மதியச் சாப்பாடு கொண்டாந்து தர முடியுங்களா?" என்றான்.

கோபிச்செட்டிபாளையம் பக்கத்துப் பையன். பெயர் நவீன். 'நாஷ்டா' என்ற சொல்லை மட்டும் எங்கள் ஊரில் பொறுக்கிக்கொண்டு, மீதியைத் தன் ஊர்ப் பேச்சிலேயே பேசினான்.

"எந்த எடத்துக்குப்பா?"

"அந்த பிளாட்டு போட்டு வெச்சிருக்காங்களே, அங்கதானுங்க்கா. பறக்கச் சொல்லித் தர்றோம்."

ஊருக்கு வெளியே யாரோ மனை போட்டு, நுழைவாயிலில் வளைவு கட்டி, வரிசை வரிசையாகக் கல் நட்டு, கலர் கலராகக் கொடி கட்டிவைத்திருந்தார்கள். ஒரு மனையும் விற்கவில்லை. நவீன் அந்த இடத்தை வாடகைக்கு எடுத்திருந்தான். கற்களைப் பிடுங்கி ஓரமாக அடுக்கிவிட்டான். கொடிகளை மட்டும் விட்டுவைத்தான். எந்தப் பக்கத்துக் காற்று என்று அவை காட்டுமல்லவா?

நான் டிபன் கேரியரோடு போய் நின்ற முதல் நாள், சென்னையிலிருந்து வந்திருந்த கம்ப்யூட்டர் வேலைக்காரர் ஒருவர் முதுகில் எஞ்சினோடு தடதடவென்று ஓடினார். ஓடி, எழும்புவதற்குப் பதிலாகக் குப்புற விழுந்தார். விழுந்தவர் மேல் இறக்கை மெதுவாக வந்து போர்வை மாதிரி மூடிக்கொண்டது.

நான் சிரித்துவிட்டேன். சாம்பார் வாளி கையில் குலுங்குகிற அளவுக்குச் சிரித்தேன்.

"சிரிக்கறது சுலபமுங்க்கா," என்றான் நவீன். "வந்து ஓடிப் பாருங்க."

"நானா? அய்யே, போப்பா."

வாய்தான் அப்படிச் சொன்னது. வாளியைக் கீழே வைத்தாயிற்று.

சோத்துக் கை

எஞ்சின் இல்லாமல், வெறும் இறக்கையை மட்டும் காற்றில் நிறுத்திப் பழகுவதுதான் முதல் பாடம். பார்க்க எளிது. காற்றுக்கு முகம் காட்டி நின்று, கயிறுகளைப் பிடித்து இழுத்தால் துணி பொங்கி எழுந்து தலைக்கு மேல் நிற்கும். நிற்க வேண்டும்.

எனக்கு நிற்கவில்லை. கட்டு அறுத்துக்கொண்ட மாடு மாதிரி அது என்னை இழுத்துக்கொண்டு போனது. புடவை மேல் மோசேயின் பழைய சட்டையைப் போட்டுக்கொண்டு போயிருந்தேன். முதல் நாளே அந்தச் சட்டையில் ஒரு கை வேலிக்காத்தான் முள்ளுக்குப் போயிற்று.

"வலது கை! வலது கையிங்க்கா! ஐயோ, சோத்துக் கை!" என்று கத்திக்கொண்டே நவீன் பின்னால் ஓடி வந்தான்.

பதற்றத்தில் எனக்கு எது சோத்துக் கை என்றே மறந்துபோயிருந்தது.

அடுத்த நாளிலிருந்து மோசேயின் டிராக் பேண்டில் போனேன். சாப்பாட்டுக்கு நவீன் தருவதில் கொஞ்சம் பிடித்துக்கொண்டு பயிற்சி என்று ஏற்பாடு. எல்லோரும் சாப்பிட்டு முடித்துப் பாத்திரம் காலியானதும் எனக்குப் பாடம் தொடங்கும்.

மழைக்குப் பிறகு முளைத்த புல் காய்ந்து மஞ்சளாகும்வரை அந்தத் துணியோடு மல்லுக்கட்டினேன். ஒரு நாள் சாயங்காலம், ஏன் என்று தெரியாது, அது சொன்னபடி கேட்டது. தலைக்கு மேல் போய் நின்றது. நான் இடப்பக்கம் நடந்தால் இடப்பக்கம் வந்தது. வலப்பக்கம் நடந்தால் வலப்பக்கம். பட்டம் விடத் தெரிந்துகொண்ட பிள்ளை மாதிரி மனைக்கு மனை நடந்துகொண்டே இருந்தேன். இருட்டிய பிறகுதான் நவீன் கயிற்றைப் பிடுங்கிக்கொண்டான்.

என் எடை என்ன?

எஞ்சினோடு பறக்க எடை சொல்ல வேண்டும். ஆளின் எடைக்குத் தகுந்த இறக்கை.

"அக்கா, எத்தனை கிலோங்க?"

சுற்றிலும் சாப்பிட்டுக்கொண்டிருந்த பையன்கள் எல்லோரும் சட்டென்று மெல்லுவதை நிறுத்திவிட்டார்கள்.

"அப்பறமா சொல்றேன்."

"ஒரு நெம்பர்தானுங்க்கா..."

"தம்பி, உனுக்கு இன்னும் ரெண்டு பூரி வெக்கட்டா, இல்ல வாளிய தூக்கிக்கினு போவட்டா?"

நவீன் அடங்கினான். கடைசியில் ரேஷன் கடைத் தராசில் நின்று, எடை போடுகிறவரை வேறு பக்கம் திரும்பச் சொல்லி, நானே பார்த்து வந்து அவன் காதில் சொன்னேன். அவன் முகத்தில் ஒன்றையும் காட்டிக்கொள்ளவில்லை. நல்ல பிள்ளை. ஆனால் பெரிய இறக்கையாக எடுத்து வந்தான்.

எஞ்சின் எனக்குப் பழக்கமில்லாத பாரம் இல்லை. கல்யாணத்துக்கு முன்பு ஊரார் வயல்களில் கூலிக்கு மருந்து அடிக்கப் போயிருக்கிறேன். முதுகில் பெட்ரோல் ஸ்பிரேயர், அதே ஆயில் கலந்த பெட்ரோல் வாடை, அதே முதுகுச் சூடு. வரப்பைப் பார்த்துக் கால் வைக்கிற வேலை. கால் வழுக்கினால் வயல்காரர் வாய் சும்மா இருக்காது. முதன்முதலாக எஞ்சினை மாட்டிக்கொண்டு நின்றபோது அந்த வாடை மூக்கில் ஏறியது. இந்த முறை எந்த வரப்பையும் பார்த்துக் கால் வைக்க வேண்டியதில்லை என்று நினைத்ததும் உடம்பு ஜிலீர் என்றது.

காற்றில் ஓடியது

என் முதல் பறப்பைப் பற்றி நவீனின் பயிற்சி முகாமில் இன்றும் கேலி பேசுகிறார்கள்.

புதிதாகப் பறக்கிறவர்கள் எல்லோரும் செய்கிற தப்பு ஒன்று உண்டு. தரையிலிருந்து லேசாகத் தூக்கியதுமே உட்கார்ந்துவிடுவார்கள். இறக்கைக்கு இன்னும் முழுப் பலம் வந்திருக்காது. பொத்தென்று விழ வேண்டியதுதான். அதனால் நவீன் எனக்கு அல்லும் பகலும் சொன்னது ஒன்றுதான்: "உக்காராதீங்க்கா. நான் சொல்ற வரைக்கும் ஓடுங்க."

ஓடினேன். பின்னால் விசிறி உறுமியது. தோளை யாரோ பிடித்துத் தூக்குவது போலிருந்தது. ஓடினேன். கொடிகள் கீழே போயின. ஓடினேன். வளைவு கீழே போயிற்று. நான் ஓடிக்கொண்டே இருந்தேன்.

"அக்கா! போதுமுங்க்கா! உக்காருங்க!"

குனிந்து பார்த்தேன். தென்னை மரங்களுக்கு மேலே, வெறும் காற்றில், என் இரண்டு கால்களும் மாறி மாறி ஓடிக்கொண்டிருந்தன.

"ஸ்தோத்திரம்! ஸ்தோத்திரம்! ஸ்தோத்திரம்!" என்று நான் கத்தியது வாக்கி டாக்கி வழியாக எல்லோருக்கும் கேட்டிருக்கிறது. உத்திரமேரூர் ஏரி கண்ணாடித் துண்டு மாதிரி மினுங்கியது. கொக்குக் கூட்டம் ஒன்று எனக்குக் கீழே பறந்தது. கொக்கின் முதுகை நான் அதுவரை பார்த்ததே இல்லை.

இறங்கியபோது எனக்கு நிற்கத் தெரியவில்லை. புல்லில் மல்லாந்து கிடந்து சிரித்தேன். ஓரமாக நின்று பார்த்துக்கொண்டிருந்த மோசே ஓடி வந்தார்.

மோசேயைப் பற்றி இங்கே கொஞ்சம் சொல்ல வேண்டும். நெல் அறுக்கும் மெஷின் ஓட்டுகிறவர். சீசனுக்குத் தஞ்சாவூர்ப் பக்கம் போய்விடுவார். சேற்றில் புதைந்த மெஷினைத் தனியாளாக வெளியே எடுப்பார். ஆனால் மாடியில் கைப்பிடிச் சுவர் ஓரம் நிற்கமாட்டார். தலை சுற்றும். அப்படிப்பட்டவர் பெண்டாட்டிக்குத்தான் இந்த ஆசை.

அன்று புல்லில் என் பக்கத்தில் உட்கார்ந்து ஒரு வார்த்தை வாங்கிக்கொண்டார்.

"நான் வேணாம்னு சொல்லல. ஆனா ஒண்ணு. என்னிக்காச்சும் ஏதாச்சும் ஒண்ணு ஆச்சின்னு வெச்சுக்கோ, அன்னியோட நிறுத்திடணும். சரியா?"

"சரிய்யா."

"மாதா மேல?"

"மாதா மேல."

அந்த நேரத்தில் என்னிடம் எதைக் கேட்டிருந்தாலும் சரி என்றிருப்பேன். அவ்வளவு சந்தோஷம்.

எருமைகளே, நகருங்கள்

இப்போது செய்யாற்றுக்குத் திரும்புகிறேன்.

அன்றைக்கு நான் போனது உத்திரமேரூரிலிருந்து மாகறல்வரை, போய்த் திரும்பி வரும் பயணம். முகாம் கண்ணுக்குத் தெரியாத தூரத்துக்கு நான் தனியாகப் போன முதல் பயணம் அதுதான். நவீன் வாங்க வேண்டிய அனுமதியெல்லாம் வாங்கியிருந்தான். இதை நல்லபடியாக முடித்தால் அடுத்த செட்டிலிருந்து பயிற்சி தருவதில் என்னையும் சேர்த்துக்கொள்வதாகச் சொல்லியிருந்தான். டிபன் வாளி தூக்கி வந்தவள் அங்கேயே பாடம் சொல்லித் தருவதா? மூன்று நாட்களாக எனக்குத் தூக்கமே இல்லை.

எஞ்சின் நின்ற பிறகு இறக்கை மட்டும் இருக்கும். கல் மாதிரி விழமாட்டோம். சரிவில் சைக்கிள் இறங்குவது போல வழுக்கி வழுக்கி இறங்குவோம். ஆனால் மறுபடி ஏற முடியாது. இறங்கும் இடத்தை ஒரே தடவையில் சரியாகத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

வாக்கி டாக்கியில் நவீன் குரல் வந்தது. அவன் வேனில் பின்னால் எங்கோ வந்துகொண்டிருந்தான். பாதி வார்த்தைதான் கேட்டது.

"அக்கா... கம்பி... கரண்டுக் கம்பி எங்கன்னு மொதல்ல பாருங்க..."

பார்த்தேன். இடப்பக்கம் நெல் வயல், அதன் நடுவே கம்பி. வலப்பக்கம் தென்னந்தோப்பு. நேர் எதிரே ஆறு. தண்ணீர் ஒரு ஓரமாக வாய்க்கால் அளவுக்கு ஓடியது. மீதியெல்லாம் வெள்ளை மணல்.

தூரத்தில் யாரோ செத்தை எரித்த புகை கிழக்கிலிருந்து மேற்காகச் சாய்ந்திருந்தது. அப்படியானால் நான் கிழக்கே பார்த்து இறங்க வேண்டும். காற்றுக்கு எதிர்முகம்.

வளைந்தேன். மணல் பெரிதாகிக்கொண்டே வந்தது. அப்போதுதான் தெரிந்தது, மணலின் நடுவில் கருப்பாக நான் பாறை என்று நினைத்தவை எல்லாம் எருமைகள்.

"ஹோய்! ஹோய்! தூர போ!" என்று கத்தினேன்.

எருமைகள் நிமிர்ந்து பார்த்தன. அவசரமே இல்லாமல் அசை போட்டுக்கொண்டு பார்த்தன. வானத்திலிருந்து ஸ்டெல்லா வருவது தினமும் நடப்பதுதான் என்பது போல ஒரு பார்வை.

சோத்துக் கையைக் கொஞ்சம் இழுத்தேன். எருமைகளுக்கு வலப்பக்கமாக நழுவினேன். கால் மணலைத் தொடப் போகும் கணத்தில் இரண்டு கயிற்றையும் முழுசாகக் கீழே இழுத்தேன். இறக்கை ஒரு பெருமூச்சு விட்டு நின்றது. கால் ஊன்றியது. இரண்டடி ஓடினேன். மணல் உள்வாங்கியது. முட்டி போட்டேன்.

பின்னால் துணி சரசரவென்று விழுந்தது. வாயெல்லாம் மணல். மணலைத் துப்பிவிட்டு ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தேன். கை இருந்தது. கால் இருந்தது. பல் இருந்தது.

"பஸ்சு கீதே?"

கரைமேல் நூறு நாள் வேலைக்கு வந்த பெண்கள் வாய்க்கால் சீர்செய்துகொண்டிருந்தார்கள். மண்வெட்டியும் பாண்டுமாக அப்படியே ஓடி வந்தார்கள். வந்து, என்னைச் சுற்றி வட்டமாக நின்றுகொண்டார்கள். நான் ஹெல்மெட்டைக் கழற்றினேன்.

"அய்யே, பொம்பள!" என்றது ஒரு குரல்.

முன்னால் நின்றவள் பெயர் கன்னியம்மா. ஆற்றோரம் இருக்கும் இருளர் குடியிருப்பைச் சேர்ந்தவள். என் வயதுதான் இருக்கும். கிட்டே வந்து என் முட்டியைத் தொட்டுப் பார்த்தாள்.

"வலிக்குதா?"

"இல்ல."

"எங்கேர்ந்து வர்ற?"

"உத்திரமேரூரு."

கன்னியம்மா இறக்கையைப் பார்த்தாள், எஞ்சினைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

"பஸ்சு கீதே?"

நான்தான் முதலில் வெடித்தேன். அவ்வளவு பேரும் சிரித்தார்கள். ஒருத்தி சிரித்துச் சிரித்து மண்வெட்டியின் மேலேயே உட்கார்ந்துவிட்டாள்.

அதன் பிறகு கேள்விகள். மேலே குளிருமா? மழை வந்தால் என்ன செய்வாய்? ஒண்ணுக்கு வந்தால்? ஒருத்தி மெதுவாகக் கேட்டாள்: "எங்க வூடு தெரிஞ்சுதா?"

"எது உங்க வூடு?"

"அதோ, மேட்டு மேல. நீலத் தார்ப்பாய் போட்டது."

"தெரிஞ்சுதே! பக்கத்துல முருங்க மரம். வாசல்ல வெள்ளையா எதுவோ காஞ்சிகினு இருந்துச்சி."

"யம்மாடி! அது நேத்து போட்ட வத்தல்!" என்று அவள் பக்கத்தில் இருந்தவளின் தோளில் அடித்தாள். "எங்க வூட்டு வத்தல மேலேர்ந்து பாத்துகீறாடி!"

அந்த நேரத்தில் எதிர்க்கரையில் ஒரு பைக் வந்து நின்றது. மோசே. கரும்பு லோடு டிராக்டர் ஒன்று வழி விடாமல் போக்குக் காட்டியதில் தாமதமாகிவிட்டது. பைக்கை அப்படியே போட்டுவிட்டுத் தண்ணீரில் இறங்கி ஓடி வந்தார். கரையேறும்போது காலில் ஒரு செருப்புதான் இருந்தது.

வந்ததும் என் தலையைப் பிடித்தார், தோளைப் பிடித்தார், முழங்கையைத் திருப்பிப் பார்த்தார். எனக்குக் கூச்சமாகப் போயிற்று.

"ஒண்ணும் இல்லய்யா. எல்லாரும் பாக்கறாங்க."

"நீ சொன்ன சொல்லு நெனவு கீதா?"

சிரிப்பெல்லாம் எங்கோ போய்விட்டது. அதுவரை ஒரு கணம்கூட அதை நான் நினைக்கவில்லை. மாதா மேல் சொன்ன சொல்.

"கீது," என்றேன்.

அவர் தள்ளிப் போய் மணலில் உட்கார்ந்துகொண்டார்.

குளவி

நவீன் வந்து எஞ்சினைப் பிரித்தான். பெட்ரோல் டேங்குக்குள் காற்று போவதற்கென்று ஒரு சின்ன ரப்பர் குழாய் உண்டு. பெட்ரோல் குறையக் குறைய அதன் வழியே காற்று உள்ளே வர வேண்டும். வராவிட்டால் எஞ்சினால் பெட்ரோலை உறிஞ்ச முடியாது, நின்றுவிடும். அந்தக் குழாயில் ஒரு கம்பியை விட்டுக் குடைந்தான். காய்ந்த மண் பொலபொலவென்று கொட்டியது.

"குளவியிங்க்கா! உள்ளார கூடு கட்டிருக்குதுங்க!"

மோசே எழுந்து வந்து எட்டிப் பார்த்தார். அந்த மண்ணை உள்ளங்கையில் வாங்கிக் கிட்டத்தில் வைத்துப் பார்த்தார். மெஷின்காரர் அல்லவா?

"த்தூ... குளவியா? போன சீசன்ல என் மெஷினையும் இப்பிடித்தான் நடு வயல்ல நிறுத்திச்சு. எங்க பார்த்தாலும் வூடு கட்டிக்கினு பேஜார் பண்ணுது."

அவர் முகத்தில் இருந்த முறுக்கு கொஞ்சம் தளர்ந்தது. நான் அவர் பக்கத்தில் போய் நின்றேன்.

"இன்னாய்யா பண்றது?"

அவர் ஆற்றைப் பார்த்தார். மணலில் என் கால் தடம் பதிந்திருந்த இடத்தைப் பார்த்தார். எருமைகளுக்கும் அதற்கும் எவ்வளவு இடைவெளி என்று கணக்குப் போடுவது போலப் பார்த்தார்.

"ஏதாச்சும் ஆச்சின்னா நிறுத்தணும்னுதானே சொன்னேன்?"

"ஆமா."

"உனுக்கு இன்னா ஆச்சு?"

"ஒண்ணும் ஆவல."

"எஞ்சினுக்குத்தான் ஆச்சு. அது வேணும்னா நிறுத்திக்கட்டும்."

சொல்லிவிட்டு உடனே நவீன் பக்கம் திரும்பி, "அந்த கொழாய்க்கு ஒரு வலை கட்டுப்பா மொதல்ல," என்று அதட்டினார். எனக்குக் கண்ணில் தண்ணீர் முட்டியது. மணல் விழுந்துவிட்டது என்று சொல்லித் துடைத்துக்கொண்டேன்.

முள் வெட்டிய கூட்டம்

வெயில் ஏறிவிட்டது. சூட்டில் காற்று குதிக்கும், பறக்கக் கூடாது. சாயங்காலம் வரை காத்திருக்க வேண்டும். அல்லது எல்லாவற்றையும் மடித்து வேனில் போட்டுக்கொண்டு போகலாம்.

"எப்படிங்க்கா? வேனா, வானமா?" என்றான் நவீன்.

"மணல்ல ஓட முடியாதே, தம்பி."

கரையை ஒட்டிக் கெட்டித் தரையாக ஒரு தரிசு கிடந்தது. ஆனால் அங்கங்கே வேலிக்காத்தான் புதர். இறக்கையை விரிக்க இடமில்லை.

கன்னியம்மா கேட்டுக்கொண்டே நின்றாள்.

"அந்த முள்ளுதான் தொந்தரவா? வெட்டிப்புட்டா பறப்பியா?"

"பறப்பேன்."

"எங்க கண்ணு முன்னால?"

"உங்க தல மேலேயே ஒரு ரவுண்டு."

மதியம் வேலை முடிந்து கையெழுத்து வைத்ததும் அவர்கள் வீட்டுக்குப் போகவில்லை. தூக்குவாளியில் இருந்த கேழ்வரகுக் கூழை எனக்கும் ஊற்றித் தந்தார்கள், கூடவே சுட்ட கருவாடு. பிறகு கத்தியும் மண்வெட்டியுமாக இறங்கினார்கள். மோசேயும் ஒற்றைச் செருப்போடு இறங்கினார். ஒருத்தி வெட்ட, ஒருத்தி இழுக்க, ஒருத்தி வேரைத் தோண்டிக் குழியை மூட, நான் நடந்து நடந்து கல் பொறுக்கினேன். "கூலி இல்லாத வேலைக்கு இவ்ளோ வேகமா ஓடறீங்களே!" என்று மேற்பார்வை பார்க்கும் பெண் தலையில் அடித்துக்கொண்டாள். கடைசியில் அவளும் ஒரு புதரைப் பிடித்து இழுத்தாள்.

வெயில் தாழ்ந்தது. நான் எஞ்சினை மாட்டிக்கொண்டு நின்றேன். நவீன் எல்லோரையும் தூரத்தில் வரிசையாக நிறுத்தினான். முதல் தடவை இறக்கை கோணலாக எழுந்து சரிந்தது. "ஐயோ!" என்று அந்த வரிசை முழுவதும் ஒரே குரலில் கத்தியது. இரண்டாம் தடவை நேராக எழுந்தது.

ஓடினேன். கெட்டித் தரை, நல்ல தரை. கூடவே, தூரத்தில் ஓரமாக, அவர்களும் ஓடினார்கள். "ஓடு! ஓடு! வுடாத!" கால் தரையை விட்டது.

சொன்னபடி ஒரு வட்டம் போட்டேன். கீழே அவர்கள் எல்லோரும் புடவைத் தலைப்பை வீசிக் குதித்தார்கள். எருமைகள் அப்போதும் அசை போட்டுக்கொண்டுதான் இருந்தன.

திரும்பி வரும் வழியில், உத்திரமேரூர் ரோட்டில் ஒரு பைக் தெரிந்தது. வாக்கி டாக்கியை அழுத்தினேன்.

"யோவ், ரோட்டப் பாத்து ஓட்டு. மேல பாக்காத."

"நீ ஸ்லோவா போ, ஸ்டெல்லா. நானும் வரேன் இல்ல?"

எனக்கு எதிர்க்காற்று. அவருக்கு வேகத்தடை. இரண்டு பேரும் கிட்டத்தட்ட ஒரே வேகத்தில், மேலும் கீழுமாக, முகாம்வரை போனோம்.

மறுநாள்

பயம் மறுநாள் வந்தது.

விடியற்காலை அடுப்பைப் பற்றவைத்து, பொங்கலுக்கு அரிசி களைந்துகொண்டிருந்தேன். திடீரென்று கை நடுங்க ஆரம்பித்தது. கம்பிக்கு எவ்வளவு பக்கத்தில் போனேன்? கொஞ்சம் தாழ்வாக இருந்திருந்தால்? எஞ்சின் தோப்புக்கு மேலே நின்றிருந்தால்? முந்தின நாள் முழுக்க வராத கேள்விகள் எல்லாம் அந்த அடுப்படியில் வரிசை கட்டி நின்றன. நெய்யில் மிளகு பொரிந்த சத்தத்துக்கே தூக்கிவாரிப் போட்டது.

முகாமுக்குப் போய் வாளிகளை இறக்கி வைத்தேன். நவீன் என் முகத்தைப் பார்த்தான்.

"வந்துடுச்சுங்களா?"

"வந்துட்ச்சு தம்பி. கை நிக்க மாட்டேங்குது."

"எனக்கு மொதத் தடவ எஞ்சின் நின்னப்ப ரெண்டு நாள் கழிச்சுத்தானுங்க்கா வந்துச்சு. சோறு எறங்கல." அவன் ஹெல்மெட்டை எடுத்து நீட்டினான். "அடுத்த செட்டுக்கு நீங்களும் சொல்லித் தரணுமில்லீங்களா? பொங்கல் ஆறறதுக்குள்ள ஒரு ரவுண்டு போயிட்டு வந்துருங்க. இல்லீன்னா இன்னிக்கும் வேண்டாம், நாளைக்கும் வேண்டாம்னு ஆயிப்போயிரும்."

மோசே பந்தி வைக்க இலை போட்டுக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்தார். தலையை அசைத்தார்.

குழாயை நானே ஊதிப் பார்த்தேன். வலையைத் தொட்டுப் பார்த்தேன். எல்லாக் கயிறுகளையும் இரண்டு முறை பார்த்தேன். நடுங்கிக்கொண்டேதான் ஓடினேன். கொடிகள் கீழே போயின, வளைவு கீழே போயிற்று. ஏரிக்கு மேல் வெயில் அப்போதுதான் விழுந்துகொண்டிருந்தது. நடுக்கம் எந்த இடத்தில் நின்றது என்று எனக்குத் தெரியாது. கவனித்தபோது இல்லை.

வாக்கி டாக்கி கரகரத்தது.

"ஸ்டெல்லா."

"இன்னாய்யா? எஞ்சின் நல்லாத்தான் ஓடுது."

"அது இல்ல. பொங்கல்ல உப்பு போட்டியா?"

கீழே பார்த்தேன். இலைக்கு முன்னால் உட்கார்ந்திருந்த பத்துப் பேரும் ஒரே மாதிரி அண்ணாந்து என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"போடலய்யா! வேன்ல டப்பா கீது, போட்டுக்கோங்க!" என்று சொல்லிவிட்டு, யாரும் பதில் சொல்வதற்குள் கையில் பிடித்திருந்த வேக விசையை முழுசாக அழுத்தி இன்னும் மேலே போனேன்.